அடிக்குறிப்பு அணிகலன் அன்று

ஆய்வுக் கட்டுரையை எளிய உரைக்கோப்பில் எழுதுங்கள் என்று நாம் சொல்லும்போதெல்லாம் ஒரே மறுப்புத்தான் எழுகிறது: கதைக்கும் கவிதைக்கும் அது போதும், அடிக்குறிப்புக்கு வேர்ட் இல்லாமல் முடியுமா? முடியும். அடிக்குறிப்பைக் காப்பதற்காகவே வேர்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதே நம் கட்சி.

அடிக்குறிப்பு, பிறரிடம் பட்ட கடனுக்கு நாம் எழுதித் தரும் சீட்டு. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் சுவடிகளிடையே கண்ட பாடவேறுபாடுகளைப் பதிவுசெய்தார். அதனாலன்றோ அவர் கொண்ட பாடத்தை இன்றும் நம்மால் எடைபோட முடிகிறது? அம்மரபில் வந்த நாம் செய்வதென்ன? வேர்டிலிருந்து கட்டுரையை வெட்டி வேறிடத்தில் ஒட்டுகிறோம். குறிப்புகள் உதிர்ந்துபோக, எண்கள் மட்டும் அநாதையாய் நிற்கின்றன. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேடுகளோ, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல்கள்.

2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுனில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. அக்குறையை நீக்கிய கருவிகளுள் ஒன்று, மெய்யியல் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டாக். வரியில் [^3] என்று இடுங்கள். பத்திக்குக் கீழே தனியாக அதே குறியை இட்டு, முக்காற்புள்ளி வைத்து, குறிப்பை எழுதுங்கள். பத்திகளை இடம் மாற்றினாலும் வரிசை எண்களைப் பாண்டாக்கே சரிசெய்துவிடும். மேற்கோள் நூல்களின் விவரங்கள் தனிக்கோப்பில் இருக்கும். உரையில் @ குறியும் நூலுக்கு நாம் இட்ட சுருக்கப்பெயரும் போதும். சிகாகோ முறையிலிருந்து எம்.எல்.ஏ. முறைக்கு மாற வேண்டுமா? நடைக்கோப்பு ஒன்றை மாற்றினால் நூற்பட்டியல் முழுவதும் மாறிவிடும்.

'நெறியாளர் வேர்டில்தானே கேட்கிறார்?' என்பீர்கள். கொடுங்கள். பாண்டாக் அதையும் மெய்யான அடிக்குறிப்புகளோடு ஆக்கித் தரும். அவர் ஓரத்தில் எழுதும் திருத்தங்களை மூலத்திற்கு நாமே கொண்டுவர வேண்டிய தொல்லை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அது சில நாள் தொல்லை. சான்று தொலைந்த ஆய்வோ, பின்னால் வருபவர் ஒவ்வொருவர் தலையிலும் விழும் சுமை.

பழைய கட்டுரைகளை இன்றே மாற்றச் சொல்லவில்லை. அடுத்த கட்டுரையின் முதல் அடிக்குறிப்பையேனும் உரைக்கோப்பில் எழுதிப் பாருங்கள். அதன் பிறகும் வேர்டே மேல் என்பீரானால், வாதத்தை அங்கிருந்து தொடர்வோம்.