திங்கட்கிழமைக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்



இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் வாசகி ஒருவரின் கடிதம் இந்த மாதம் வந்தது. தினமும் டியூட்டிக்குப் போய்வர ஒரு பழைய கார் வாங்கப் போகிறார். மனசெல்லாம் மாஸ்டா எம்எக்ஸ்-5 மேல்தான். இரண்டே சீட், திறந்து மூடும் கூரை, ரியர் வீல் டிரைவ். ஊரில் இருக்கும் அப்பாவிடம் சொன்னால், "நாங்க வந்தா எங்கம்மா உட்காருறது?" என்கிறாராம். கூட வேலை பார்ப்பவர்களோ, அது ஞாயிற்றுக்கிழமை வண்டி, தினசரி ஓட்டத்துக்குத் தாங்காது என்கிறார்களாம். "நீங்க சொல்லுங்க சார்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அவர் கேட்டிருக்கும் வண்டி தினசரி ஓட்டத்துக்கென்றே யோசித்துச் செய்யப்பட்டது. ஆனால் பழைய வண்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் பலரும் தடம் மாறுகிறார்கள். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

முதலில் இந்த வண்டி பிறந்த கதை. 1979-இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளரிடம், மாஸ்டாவின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்த கெனிச்சி யமமோட்டோ, "நாங்கள் அடுத்து என்ன வண்டி செய்யலாம்?" என்று கேட்டார். எடை குறைந்த, விலை குறைந்த, பழைய பிரிட்டிஷ் பாணித் திறந்த கார் ஒன்று என்றார் ஹால். அப்போது அந்த பிரிட்டிஷ் கார்களின் காலமே முடிந்துகொண்டிருந்தது. எம்ஜி-பி 1980-இல் நின்றது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் அதே ஆண்டு நின்றது. ஓட்டியவர்கள் அவற்றை உயிராக நேசித்தார்கள். ஆனால் எண்ணெய் ஒழுகும், மழைநாளில் ஸ்டார்ட் ஆகாது, கூரை வழியாகத் தண்ணீர் சொட்டும். ஹால் பின்னர் மாஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் அமைந்த குழு அந்தப் பழைய வடிவத்தின் சுகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தினமும் காலையில் சாவி திருப்பியதும் கிளம்புகிற வண்டியாக அதை மாற்றியது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் உலகம் அதைப் பார்த்தது.

அந்த முதல் வண்டியின் 1.6 லிட்டர் இன்ஜின், மாஸ்டாவின் 323 என்ற குடும்பக் கார் வரிசையிலிருந்து வந்தது. சக்தி சுமார் 115 குதிரைத்திறன்தான். வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களில்தான் அதன் ரகசியம் முழுவதும் இருக்கிறது. எடை குறைந்தால் பிரேக், டயர், கிளட்ச், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் செலவு குறைகிறது. சின்ன ரவுண்டானாவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போதுகூட ஓட்டுகிற சந்தோஷம் கிடைக்கிறது. நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கியர் தண்டு கைக்குள் அடங்குகிற நீளம்தான் இருக்கும். மணிக்கட்டை அசைத்தால் கியர் விழும். அந்தச் சுகத்துக்கு நெடுஞ்சாலையும் வேண்டாம், மலைப்பாதையும் வேண்டாம். வேலைக்குப் போகிற வழி போதும்.

வேறு இரண்டு சீட் கார்களும் பழைய சந்தையில் கிடைக்கும். போர்ஷே பாக்ஸ்டர் அருமையான வண்டி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு டிக்கி வேறு. ஆனால் வாங்கும் விலை இறங்கியிருக்குமே தவிர, உதிரிபாகங்களின் விலை போர்ஷே விலையாகவேதான் இருக்கும். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் இன்ஜினுக்குள் இருக்கும் ஒரு பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும் என்ற பயமும் உண்டு. ஹோண்டா எஸ்2000-இன் இன்ஜின் ஓர் அற்புதம். அதன் முழு பலம் 6000 சுற்றுக்கு மேல்தான் விழிக்கும். காலை நேர நெரிசலில் அந்தப் பக்கமே போக மாட்டோம். டொயோட்டா எம்ஆர்2-வின் கடைசித் தலைமுறையில் டிக்கி என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. தினசரிக்கு மாஸ்டாவே என் கட்சி. பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 2016 ஏப்ரலில் தயாரானது. அத்தனை வண்டிகள் உலகில் ஓடுவதால் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை, வேலை தெரிந்த மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை.

எந்தத் தலைமுறை என்று கேட்டால், 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாவது தலைமுறையைச் சொல்வேன். முதல் தலைமுறையின் மூடித் திறக்கும் கண்விளக்குகள் மேல் எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அது இன்று சேகரிப்பாளர்களின் வண்டியாகிக்கொண்டிருக்கிறது, விலையும் ஏறுகிறது. மூன்றாவது தலைமுறையில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்துவிட்டது. முந்தைய இரண்டிலும் சுமார் 60,000 மைலுக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும். 2006-இலிருந்து மடங்கும் கெட்டிக் கூரை உள்ள வகையும் வந்தது. பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு விநாடியில் கூரை சீட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும், டிக்கியில் ஓர் அங்குலம்கூடத் திருடாது. மழையும் குளிரும் மாறி மாறி வரும் நாட்டில், தெருவிலேயே வண்டி நிறுத்துபவர்களுக்கு அது பெரிய நிம்மதி. லண்டனில் இருக்கும் வாசகர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2005-க்குப் பிறகு பதிவான பெட்ரோல் கார்கள் பொதுவாக அங்குள்ள புகைக் கட்டுப்பாட்டு விதிக்குள் வந்துவிடும். வராத வண்டிக்கு ஓட்டும் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். தினசரி வண்டிக்கு அது கட்டுப்படியாகாது.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. எம்எக்ஸ்-5 வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேட்டுத் தலையாட்டுவதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். அந்த இன்ஜின்கள் சுலபத்தில் சாகாது. சாகிறது உடம்புதான். குளிர்காலத்தில் பிரிட்டனின் சாலைகளில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மேலே கூரையில் விழும் மழைநீர் வெளியேற சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வடிகால் துளைகள் இருக்கின்றன. மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் சருகு விழுந்து அவை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, பின்சக்கர வளைவையும் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதியையும் உள்ளிருந்தே தின்னும். கரையான் அரித்த நிலைப்படி மாதிரி, வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே ஒன்றும் இருக்காது. இரண்டாவது தலைமுறையில் முன்பக்கச் சட்டங்களும் இப்படிப் போகும். அது தெரிந்துவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆகவே வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு டார்ச் கொண்டுபோங்கள். பின்சக்கர வளைவின் உள்விளிம்பில் விரலை வைத்துத் தடவுங்கள். பெயின்ட் குமிழ் தட்டினால் அடியில் துரு இருக்கிறது. அடியில் புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைக் கையால் அமுக்கிப் பாருங்கள், ஈரம் தட்டக் கூடாது. பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய கார்கள் வருடா வருடம் எம்ஓடி சோதனைக்குப் போகின்றன. வண்டி எண்ணைக் கொடுத்தால் அந்தப் பழைய சோதனைக் குறிப்புகளை அரசே இலவசமாகக் காட்டுகிறது. "துரு ஆரம்பம்" என்று ஒரு வருடமும், "துரு அதிகம்" என்று அடுத்த வருடமும் எழுதியிருந்தால் விற்பவர் சொல்லும் கதை தேவையில்லை. மீட்டர் திருத்தப்பட்டிருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

ஓட்டம் குறைந்த வண்டி என்றால் நல்ல வண்டி என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஷெட்டில் போர்த்தி வைத்து, வெயில் அடித்த ஞாயிறு மட்டும் எடுத்த ஸ்போர்ட்ஸ் கார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரேக் காலிப்பர் இறுகியிருக்கும், ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும், பேட்டரி சோர்ந்திருக்கும். டயரில் பூ அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கிறது; 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். ரியர் வீல் டிரைவ் வண்டியில் ஈரச் சாலையில் அந்தப் பழைய ரப்பரை நம்பிப் போவது ஆபத்து. இதைவிட, தினமும் ஓடி, வருடம் தவறாமல் எண்ணெய் மாற்றி, பில்களைக் கோப்பில் சேர்த்து வைத்திருக்கும் வண்டியையே எடுங்கள். மீட்டர் அதிகம் காட்டினாலும் பரவாயில்லை. ஓடுகிற வண்டியில் குறை உடனே தெரியும், உடனே சரிசெய்யப்பட்டிருக்கும். ஸ்போர்ட்ஸ் காரைத் தினசரி ஓட்டினால் கெட்டுவிடும் என்பவர்களுக்கு என் பதிலும் இதுதான்.

அப்பா கேட்டதும் நியாயமான கேள்வி. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இது மட்டுமே வண்டியாக இருக்க முடியாது. பின்நோக்கிய குழந்தை இருக்கையை, ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் வைக்கவே சட்டம் இடம் தராது. ஆனால் தனியாக வேலைக்குப் போய்வருகிற ஒருவருக்கு, வருடத்தில் சில வாரம் வந்து தங்கும் பெற்றோருக்காக மீதி மாதங்களெல்லாம் காலி சீட்டுகளை இழுத்துக்கொண்டு திரிய வேண்டுமா? அவர்கள் வரும்போது பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். 150 லிட்டர் டிக்கியில் ஒரு வாரத்துக் காய்கறியும் மளிகையும் தாராளமாக அடங்கும். அரிசி மூட்டை பக்கத்துச் சீட்டில் உட்காரும். அப்பா வந்ததும் ஒரு மாலை அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கூரையைத் திறந்து ஒரு சுற்று போய்வாருங்கள்.

இரண்டு விஷயம் சிரமம்தான். வண்டி தாழ்வு, மூட்டுவலி இருப்பவர்களுக்கு ஏறி இறங்குவது கஷ்டம், லாரிக்காரர் கண்ணிலும் எளிதில் படாது, அதனால் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பனிக்காலத்துக்குத் தனியாக விண்டர் டயர் வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வாங்குவதற்கு முன்பே இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டுவிடுங்கள். ஓட்டுபவரின் வயதையும் முகவரியையும் பொறுத்து அது மிகவும் மாறும்.

பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ இப்படி இரண்டு சீட் காரைத் தினசரி ஓட்டும் வாசகர்கள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எந்த வருட வண்டி, எவ்வளவு ஓடியிருக்கிறது, துருவுக்கு என்ன செய்தீர்கள், மழைக்காலத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். வண்டியின் அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. வரும் கடிதங்களை அடுத்த இதழில் சேர்த்து வெளியிடுகிறோம். நம் செவிலியர் வண்டி வாங்கப் போவதற்குள் அவை அவர் கைக்குப் போய்ச்சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்