வெள்ளச்சியின் காதுகள்

போன வாரம் ஒரு வளைகாப்புப் பந்தியில், பக்கத்து இலையில் இருந்த உறவினர் கேட்டார்: “பூனைக்குப் போய் கேன்சர் ஆபரேஷனா? அந்தக் காசுக்கு நாலு ஏழைக்குச் சோறு போட்டிருக்கலாமே!” அவர் யாருக்கும் சோறு போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் என் பூனைக்காக நான் செலவழித்த காசைப் பார்த்ததும் அவருக்கு ஏழைகள் ஞாபகம் வந்துவிட்டது.

“பூனைதானே, வேற ஒண்ணு எடுத்து வளர்த்துக்க.” எத்தனை வாயில் இதைக் கேட்டாயிற்று!

எங்கள் வெள்ளச்சி முழு வெள்ளை. மொட்டைமாடி வெயில் என்றால் அவளுக்கு உயிர். பத்து வயதில் இடது காது நுனியில் மிளகாய் விதை அளவுக்கு ஒரு பொருக்கு. சண்டைக்காயம் என்று நினைத்து இரண்டு மாதம் மஞ்சளும் எண்ணெயும் தடவினேன். பொருக்கு உதிரும், ரத்தம் கசியும், மறுபடி பொருக்கு கட்டும். கடைசியில் சதையைக் கிள்ளிப் பரிசோதித்தபோதுதான் தோல் புற்று என்று தெரிந்தது. நிறமி இல்லாத காதிலும் மூக்கிலும் வருஷக்கணக்கில் வெயில் பட்டால் வெள்ளைப் பூனைகளுக்கு வருகிற நோய் இது. பரவுவதற்குள் காது மடலை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும். இரண்டு மடலையும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் மீன் தின்றாள். அதற்கப்புறம் நான்கு வருஷம் இருந்தாள். வீண் செலவு என்பவர்கள் அந்த நான்கு வருஷத்துக்குப் பதில் சொல்லட்டும்.

பூனைக்குக் கீமோ கொடுத்தால் சித்திரவதை என்கிறார்கள். நிணநீர்ப் புற்றுக்குப் பூனைக்கும் மனிதனுக்கும் கொடுக்கிற வின்கிரிஸ்டின், நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குகிற நித்தியகல்யாணியிலிருந்து வருவது. பூனைக்கு அளவு குறைத்துத்தான் கொடுப்பார்கள்; நோவில்லாமல் இருக்கும் நாளைக் கூட்டுவதுதான் நோக்கம். பெரும்பாலும் முடி கொட்டாது, மீசை உதிரும். குடலில் மெதுவாக வளரும் ஒருவகைப் புற்றுக்கு மாத்திரையே போதும். பல பூனைகள் இரண்டு வருஷத்துக்கு மேல் வாழ்கின்றன. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே வந்துவிட்டது. மிருகத்துக்கும் வைத்தியம் உண்டு என்பது நம் மனசுக்குத்தான் இன்னும் வரவில்லை.

வைத்தியம் வீண் என்கிற இதே ஆட்கள்தான் கைவைத்தியம் சொல்லவும் முந்துகிறார்கள். “பாராசிட்டமால் பாதி உடைச்சுக் கொடு” என்று வெள்ளச்சிக்கே ஒருவர் சொன்னார். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், கொன்றுவிடும். பூனை இருந்தால் வீடு கிடையாது என்கிற வீட்டுக்காரர்களும், குறுக்கே வந்தால் கல்லெடுக்கிறவர்களும் அதே கூட்டம்தான்.

எல்லாப் பூனையையும் காப்பாற்ற முடியாது. முற்றிவிட்டால் வலியில்லாமல் அனுப்பிவைப்பதும் வைத்தியம்தான். அதை மருத்துவரோடு உட்கார்ந்து நான் முடிவு செய்வேன், பந்தியில் உட்கார்ந்திருப்பவர் அல்ல.

வெள்ளைப் பூனை வளர்க்கிறீர்களா? இன்றைக்கே காது நுனியைத் தடவிப் பாருங்கள். பெண் பூனையானால் அடிவயிற்றையும் தடவுங்கள். பூனையின் மடிக்கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுதான். ஆறாத பொருக்கோ சின்னக் கட்டியோ தட்டுப்பட்டால், நான் செய்ததுபோல் இரண்டு மாதம் மஞ்சள் தடவிக்கொண்டிருக்காதீர்கள்.