டேப்லெட்டா, தனி ஜிபிஎஸ்ஸா? சித்தப்பாவின் செங்கல் சொன்ன பதில்

போன வாரம் ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரு பஞ்சாயத்து. நம்ம மெக்கானிக்கல் நண்பன் ஒருத்தன் வாகமண் போய் பாராகிளைடிங் டேன்டம் பறந்துட்டு வந்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம்தானே, 2024 மார்ச்ல சர்வதேசப் போட்டியே நடந்த இடம். வந்ததுல இருந்து பயலுக்குக் கால் தரையில இல்ல. பயிற்சி வகுப்புல சேரப் போறானாம், தனியாப் பறக்கப் போறானாம். அதுல ஒரு சந்தேகம்: "ஏல, எங்கிட்டதான் டேப்லெட் இருக்கே. மேப், ஏர்ஸ்பேஸ், எல்லாம் அதுலயே தெரியுது. அப்புறம் எதுக்குலே தனியா ஒரு ஜிபிஎஸ் வாங்கணும்?"

மாடியில இருந்த பத்துப் பேர்ல ஒன்பது பேர் டேப்லெட் கட்சி. "2025லயும் தனி ஜிபிஎஸ்ஸா? கால்குலேட்டர் வாட்ச் கட்டுற ஆளா நீ?"ன்னு சிரிச்சாங்க. நான் மட்டும் தனி ஜிபிஎஸ் கட்சி. நான் பறந்ததே இல்ல. ஆனா எனக்கு ஊர் புன்னைக்காயல். தாமிரபரணி கடல்ல சேர்ற இடம். இந்தச் சண்டையில நான் ஏற்கெனவே ஒரு தடவை தோத்திருக்கேன், அதுவும் கடல் நடுவுல. அதனாலதான் இதை எழுதுறேன்.

போன சித்திரை லீவுல சித்தப்பாகூட பைபர் படகுல போனேன். சித்தப்பாகிட்ட கைக்கு அடக்கமா ஒரு பழைய ஜிபிஎஸ் உண்டு. பட்டன் வச்சது, தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய திரை, பென்சில் பேட்டரி ரெண்டு. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருப்பாவ. நான் அதைச் செங்கல்னுதான் சொல்வேன். என் போன்ல ஆஃப்லைன் மேப், வழியைப் பதிவு பண்ணுற ஆப், காத்து எங்கிருந்து வருதுன்னு கலர் கலரா காட்டுற ஆப், எல்லாம் இருந்துச்சு. "இதை வச்சிக்கிட்டு அந்தச் செங்கல் எதுக்கு சித்தப்பா?"ன்னு கேட்டேன். அவாவ கோபப்படல. "சரி மக்கா, இன்னைக்கு நீயே வழி சொல்லு. பாருக்குக் கொண்டு போ"ன்னுட்டாவ. பார்னா கடலடிப் பாறைத் திட்டு, மீன் நிக்கிற இடம். அது பத்தடி தள்ளிப் போனாலும் வலை காலிதான்.

விடியிற வரைக்கும் நான்தான் ராஜா. ஏழு மணிக்கு வெயில் முகத்துல அடிச்சதும் திரை தெரியல. வெளிச்சத்தை முழுசா ஏத்தினேன். உப்புத்தண்ணி தெறிச்சது. ஈரக் கையால தொட்டா மேப் அது பாட்டுக்குப் பெருசாகுது, சிறுசாகுது, ஒரு தடவை யாருக்கோ போன் போட ஆரம்பிச்சிடுச்சு. பத்தரை மணிக்கு "சாதனம் சூடாகிவிட்டது"ன்னு ஒரு அறிவிப்பு, அப்புறம் கருப்புத் திரை. நான் போனைச் சட்டைக்குள்ள போட்டு ஊதிக்கிட்டு இருந்தேன். சித்தப்பா அரை மணி நேரம் ஒண்ணும் சொல்லாம என்னை வேர்க்க விட்டாவ. அப்புறம் செங்கலை எடுத்து, கட்டை விரலால ரெண்டு அமுக்கு. நாங்க பாரைத் தாண்டி ரொம்பத் தூரம் போயிருந்தோம்.

இது பகல். ராத்திரி திரும்பும்போது முகத்துவாரத்துல மணல் மேடு இருக்கும். படகு நுழைய ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி ஆழம்தான் வழி. அதுக்கு ரெண்டு பக்கமும் அலை உடையும். அங்க திரை கருப்பானா என்ன ஆகும்னு நான் விளக்க வேண்டாம்.

இப்ப விஷயத்துக்கு வாங்க. நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். "ரெண்டுலயும் ஜிபிஎஸ் சிப்தானே இருக்கு"ன்னு சொல்றவங்க ஸ்பெக் ஷீட்டை அடிவரைக்கும் படிக்கிறதில்ல.

முதல்ல சூடு. ஐபேடை 0ல இருந்து 35 டிகிரி செல்சியஸ் வரைக்குமான சூழல்ல பயன்படுத்தணும்னு ஆப்பிள் நிறுவனமே எழுதி வச்சிருக்கு. பாளையங்கோட்டையில மே மாசம் 35 டிகிரின்னா அது குளிர்ந்த நாள். என்சிசி ஏர் விங் நண்பர்கள் பறக்குற வைரஸ் மைக்ரோலைட் மாதிரி சின்ன விமானத்துல தலைக்கு மேல கண்ணாடி. அதுக்குள்ள மடியில டேப்லெட்டை வச்சா, அது தோசைக்கல். இந்த 35 டிகிரிக் கணக்கு நம்ம ஊருக்காக எழுதினது இல்ல.

அடுத்தது திரை. போன், டேப்லெட் திரை தன்னோட சொந்த வெளிச்சத்தாலதான் ஒளிருது. சூரியனோட போட்டி போட வெளிச்சத்தை ஏத்தணும், ஏத்தினா பேட்டரி தீரும், சூடும் ஏறும். அதாவது வெயில் அதிகமாக அதிகமாக மூணு பிரச்சனையும் ஒண்ணாக் கூடும். செங்கல்ல இருக்கிறது வேற மாதிரித் திரை. மேல விழுற வெயிலையே திருப்பி அனுப்பிப் படம் காட்டும். வெயில் ஏற ஏறத் தெளிவாத் தெரியும். அதனாலதான் ரெண்டு பென்சில் பேட்டரியில 20 மணி நேரம் ஓடுது.

அப்புறம் நம்ம பசங்க பலருக்குத் தெரியாத ஒண்ணு: வைஃபை மட்டும் உள்ள ஐபேட்ல ஜிபிஎஸ் சிப்பே கிடையாது! சிம் போடுற மாடல்லதான் உண்டு. ஹாஸ்டல்ல வைஃபையை வச்சு இடத்தைச் சரியாக் காட்டும், நீங்களும் நம்பிடுவீங்க. மலை உச்சியில எந்த வைஃபை இருக்கு? நம்ம நண்பனோட டேப்லெட்டும் வைஃபை மாடல்தான்னு பஞ்சாயத்து முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது. (அந்த ஒன்பது பேர்ல ஒருத்தனும் கேக்கல, நானும் கேக்கல.)

சிம் இருந்தாலும் ஒரு நுணுக்கம் இருக்கு. செயற்கைக்கோள் எங்க இருக்குங்கிற விவரத்தைப் போன் சாதாரணமா இன்டர்நெட்ல இருந்து சட்டுனு இறக்கிக்கும். டவர் இல்லாத இடத்துல அதை வானத்துல இருந்தே வாங்கணும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அந்தத் தகவலை அனுப்புற வேகம் விநாடிக்கு 50 பிட். ஆமா, பிட்! ஒரு செயற்கைக்கோளோட பாதை விவரம் வர 30 விநாடி, எல்லாத்தோட பொது அட்டவணையும் வர 12.5 நிமிஷம். நடுவுல மறைஞ்சா மறுபடியும் காத்திருக்கணும். அதனாலதான் சித்தப்பா கரையிலயே செங்கலை ஆன் பண்ணி, வானம் பார்க்க வச்சிட்டு, அப்புறம்தான் இன்ஜினைத் தொடுவாவ. யாரும் அவாவளுக்கு 50 பிட் கணக்குச் சொல்லித் தரல.

பறக்குறவங்களுக்கு இதுல உயிர் விஷயம் எதுன்னு நான் தேடிப் படிச்சேன். வழி தெரியுறது ரெண்டாம் பட்சமாம். பாராகிளைடர் சாதாரணமா மணிக்கு 36, 38 கிலோமீட்டர் வேகத்துலதான் காத்துக்குள்ள போகும். எதிர்க்காத்து மணிக்கு 40 ஆச்சுன்னா நீங்க முன்னாடி பார்த்துக்கிட்டே பின்னாடி போறீங்க. மேல இருக்கும்போது இது கண்ணுக்குச் சட்டுனு தெரியாது. ஆனி ஆடியில ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து எப்படின்னு நமக்குச் சொல்லணுமா? முப்பந்தல் காத்தாடிகள் அங்க சும்மா நிக்கல. தரையைப் பொறுத்து நம்ம வேகம் என்னங்கிற அந்த ஒரே ஒரு எண்தான் "இப்பவே இறங்கு"ன்னு சொல்லும். கையுறை போட்டு, ரெண்டு கையிலயும் பிரேக் கயிறு பிடிச்சிருக்கும்போது, எதையும் தொடாமலேயே அந்த எண் எப்பவும் தெரியணும். திரை அணைஞ்சு, பின் நம்பர் கேக்குற கருவி அங்க உதவாது.

உயரமும் அப்படித்தான். ஜிபிஎஸ் சொல்ற உயரத்துல பிழை அதிகம், பக்கவாட்டுப் பிழையைவிட ஒன்றரை, ரெண்டு மடங்கு வரும். அதனால பறக்குறவங்க காத்தழுத்தத்தை அளந்து, ஏறுறோமா இறங்குறோமான்னு பீப் சத்தத்துல சொல்ற வேரியோமீட்டரை நம்புறாங்க. கடல் மட்டத்துல ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைஞ்சா ஏறக்குறைய 8.3 மீட்டர் ஏறியிருக்கோம்னு அர்த்தம். நல்ல சென்சார் 10 சென்டிமீட்டர் வித்தியாசத்தையே பிடிச்சிடும். பல டேப்லெட்டுகள்ல காத்தழுத்த சென்சாரே இல்ல.

இவ்வளவு சொல்லிட்டு டேப்லெட் கட்சிக்கு நியாயம் சொல்லலன்னா தப்பு. தனி ஜிபிஎஸ்ல மெனு கொடுமை. ஒரு பேர் டைப் பண்ணுறதுக்குள்ள விடிஞ்சிடும். விலையும் நல்ல போன் விலை. எது தடை செய்யப்பட்ட வான்பகுதிங்கிற வரைபடத்தைப் பெரிய திரையில பார்க்குற சுகம் அதுல வராது. நம்ம மாவட்டத்துக்கு அது ரொம்ப முக்கியம். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், அந்தப் பக்கம் தூத்துக்குடி விமான நிலையம், மேற்கே களக்காடு முண்டந்துறைக் காடு. ட்ரோன் விடுறவங்களும் இதைக் கேட்டுக்கோங்க. முந்தின நாள் ராத்திரி உக்காந்து திட்டம் போட டேப்லெட்டை அடிச்சுக்க ஆளே இல்ல. எக்ஸ்சி டிராக், எக்ஸ்சி சோர் மாதிரி இலவச ஆப்கள் எவ்வளவோ செய்யுது. எக்ஸ்சி சோர் ஓப்பன் சோர்ஸ் வேற. சில பேர் அதைக் கோபோ இ-புக் ரீடர்ல ஓட்டுறாங்க, அந்தக் காகிதம் மாதிரித் திரை வெயில்ல பளிச்னு தெரியும்னு. எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிச்சது.

உண்மையில இந்தச் சண்டைக்கு நம்ம நாட்டுலயே ஒரு நடுவழி போட்டிருக்காங்க. இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கினது ககன். ஜிபிஎஸ் பிழையைத் திருத்தி, நம்ம செயற்கைக்கோள் வழியா அனுப்புற அமைப்பு. விமானத்துக்காகச் செஞ்சது. 2022 ஏப்ரல்ல இண்டிகோவோட ஏடிஆர் விமானம் ராஜஸ்தான் கிஷன்கர்ல இதை வச்சு இறங்குச்சு. 2017 நவம்பர் 30ல ஒக்கி வந்தப்ப ஆழ்கடல்ல இருந்தவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரல. கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனாலே டவர் கிடையாது, கையில போன் இருந்தும் என்ன பிரயோஜனம்? அதுக்கப்புறம் 2019 அக்டோபர்ல ஜெமினின்னு ஒரு கருவியைக் கொண்டு வந்தாங்க (கூகுள் ஜெமினி இல்ல, இது அதுக்கு மூத்தது). கருவி ககன் செயற்கைக்கோள்ல இருந்து தகவலை வாங்கும், ப்ளூடூத் வழியாப் போன் திரையில காட்டும். வானத்தோட பேசுற வேலை தனிக் கருவிக்கு, படம் காட்டுற வேலை போனுக்கு. குறையும் இருக்கு: தகவல் வரும், இங்கிருந்து "காப்பாத்துங்க"ன்னு திருப்பிச் சொல்ல முடியாது. ஆனாலும் வேலையைப் பிரிச்ச விதம் சரி. விமானத்துக்குன்னு செஞ்சது எங்க ஊர்ப் படகுக்கும் ஆகுதுங்கிறதுல எனக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டு.

இதையே நாம ஏன் செய்யக்கூடாது? ஒரு ஈஎஸ்பி32 போர்டு, ஒரு எம்எஸ்5611 அழுத்த சென்சார், ஒரு ஜிபிஎஸ் மாட்யூல். ப்ளூடூத்ல எக்ஸ்சி சோருக்குத் தகவல் அனுப்பலாம். வருஷா வருஷம் லைன் ஃபாலோயர் ரோபோவைப் ப்ராஜெக்ட்னு காட்டுறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா ஒரு நிபந்தனை, அதை நம்பிப் பறக்காதீங்க. கடையில வாங்கின கருவிக்குப் பக்கத்துல வச்சு, பாபநாசம் பஸ்ல மலையேறி, சேர்வலாறு வரைக்கும் ரெண்டும் ஒண்ணாச் சொல்லுதான்னு முதல்ல பாருங்க.

வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் வழியா மெசேஜ் அனுப்புற வகைக் கருவி இருக்கு, இன்ரீச் மாதிரி. வெளிநாட்டு வீடியோவில எல்லாரும் மாட்டியிருப்பாங்க. நம்ம நாட்டுல அனுமதி இல்லாம அதை வச்சிருந்தா சட்டப்படி குத்தம். ஏர்போர்ட்ல பிடிபட்ட வெளிநாட்டுக்காரங்க உண்டு. வாங்கும்போது, சிக்னலை வாங்க மட்டும் செய்யுற கருவியான்னு பார்த்து வாங்குங்க.

நண்பனுக்கு நான் சொன்னது இதுதான். பயிற்சி மேட்டுல முதல் சில நாளைக்கு உனக்கு ரெண்டும் வேண்டாம். வாத்தியார் வாக்கி டாக்கில கத்துறதைக் கேட்டாப் போதும். தனியாப் பறக்குற நாள் வரும்போது, செகண்ட் ஹேண்டா இருந்தாலும் பரவாயில்ல, ஜிபிஎஸ் உள்ள ஒரு வேரியோ வாங்கு. போன் பையில அணைச்சு இருக்கட்டும், இறங்கின இடத்தைச் சொல்லிக் கூப்பிட பேட்டரி வேணும்ல.

"அப்ப டேப்லெட்?"னு கேட்டான்.

வாகமண் வரைக்கும் பஸ்ல போகணுமே, படம் பார்த்துட்டுப் போலேன்னேன்.