வாயிற்காப்போன் யாருடைய ஆள்?

சிவகாசிப் பட்டாசு ஆலைகளின் அறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவற்றின் கதவுகள் வெளிப்புறமாகத்தான் திறக்கும். பொறி ஒன்று பறந்துவிட்டால் உள்ளே இருப்பவன் ஓட வேண்டும். ஓடுகிறவனைக் கதவு மறிக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு தொலைவு, உள்ளே இத்தனை பேருக்கு மேல் இல்லை என்பதெல்லாம் விதி. "அறைக்கு இது விலை, கதவு வெளியே திறக்க வேண்டுமானால் அதற்குத் தனி விலை" என்று கட்டிக்கொடுப்பவன் எவனாவது சொன்னால், வெம்பக்கோட்டையிலே அவனை விட்டுவைப்பார்களா? காப்பு என்பது கட்டடத்தின் உறுப்பு, கடைச்சரக்கு அல்ல! விதி மீறப்பட்டால் என்ன நேரும் என்பதை 2021 பிப்ரவரியில் அச்சன்குளம் காட்டிற்று. அந்தக் கண்ணீர் இன்னும் காயவில்லை.

இந்த அளவுகோலைக் கையிலே வைத்துக்கொண்டு, கணினி உலகத்து வழக்கொன்றைப் பார்ப்போம். கணினியை இயக்குவது இயங்குதளம். உலகிலே பெரும்பாலான மேசைக் கணினிகளை இயக்குவது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். அதிலே வைரஸ் புகுந்தது. புகுந்ததை விரட்டுவதற்கென்றே ஒரு தொழில் பிறந்தது. 1991இல் சென்னையிலே கே7, அதே பத்தாண்டிலே புனேயில் குவிக் ஹீல் என்று நம்மவர்களும் களத்தில் இறங்கினர். ஆண்டுச் சந்தா கட்டி அந்தக் காவலை வாங்கிக்கொண்டோம். 2012இல் வந்த விண்டோஸ் 8, டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளைத் தன்னோடு சேர்த்தே கொண்டுவந்தது. கூலி வாங்கும் காவலாளிகள் நின்ற தெருவிலே, கூலி வாங்காத காவலாளி வந்து நின்றான். அவனோ வீட்டுக்காரனுடைய ஆள்!

இது தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையீடு போயிற்று. 2025இல் ஆணையம் அதைத் தள்ளிவிட்டது. வேறு காவல் மென்பொருளை நிறுவிக்கொள்ள எவருக்கும் தடையில்லை, டிஃபெண்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்பது ஆணையத்தின் முடிவு.

தீர்ப்பின் இந்தப் பகுதியோடு எனக்குப் பிணக்கில்லை. விருதுநகர் மண்டியிலே பருப்பும் வற்றலும் விற்பவர் ஜி.எஸ்.டி. கணக்குக்காகக் கணினி வாங்குகிறார். சிவகாசி அச்சகத்தார் காலண்டர் வடிவமைக்க வாங்குகிறார். காசு உள்ளவன் கணினிக்குக் காப்பு உண்டு, இல்லாதவன் கணினி எக்கேடும் கெடட்டும் என்பது நீதியாகாது. சேர்த்துக் கொடுக்கட்டும். கொடுத்தது போதாது என்பதுதான் என் குறை.

போட்டியாளர்களின் முறையீட்டையும் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பிறருடைய காவல் மென்பொருள் விண்டோஸோடு முழுமையாகப் பொருந்த வேண்டுமானால், மைக்ரோசாஃப்ட் நடத்தும் திட்டத்திலே சேர்ந்து, அது விதிக்கும் தகுதிகளை நிறைவேற்ற வேண்டும். தகுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற வெளியார் நிறுவனத்தின் பிழையான ஒரு கோப்பினால் 85 இலட்சம் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களிலே பயணச் சீட்டைக் கையாலே எழுதிக் கொடுத்தார்கள். தேர்வு தேவைதான். ஆனால், தேர்வு எழுதுகிற மாணவனே வினாத்தாளையும் தயாரிப்பதா?

இந்தக் கரிசல் மண்ணுக்கு இது புதுக்கதை அல்ல. 1920களிலே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதே பத்தாண்டிலே, உலகச் சந்தையையே வளைத்துக்கொண்டிருந்த ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி விம்கோ என்ற பெயரிலே இங்கே கடை விரித்தது. அங்கே இயந்திரம், இங்கே கை! பிற்காலத்திலே கையால் செய்த தீப்பெட்டிக்குக் கலால் வரியிலே சலுகை தந்து, சிறியவனும் பிழைக்க அரசு வழி செய்தது. பெரியவன் மனமிரங்கிச் செய்த தருமம் அல்ல அது. சட்டம் செய்த வேலை.

சரி, இலவசக் காவலாளியின் முழு யோக்கியதைக்கு வருவோம். வைரஸ் தடுப்பு வாயிற்காப்போன் என்றால், இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் கொத்தனார் வேலை. 2017 மே மாதம் வானக்ரை என்ற பணயத் தொற்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கலக்கிற்று. அது நுழைந்த ஓட்டைக்கு அதே ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வந்திருந்தது. அதை இட்டுக்கொள்ளாத கணினிகள் மாட்டிக்கொண்டன. சுவரிலே விரிசல் இருந்தால் வாசலிலே நிற்பவன் என்ன செய்வான்?

அந்தக் கொத்தனாரைத்தான் நிறுத்தினார்கள்! 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. டிஃபெண்டருக்கான புதுக் குறிப்புகள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்றார்கள். விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கணினியை அதற்காகத் தூக்கி எறிய வேண்டுமாம்!

தனிப்பட்ட பயனர்களுக்கு மேலும் ஓராண்டு திருத்தங்கள் தருவதாகச் சொன்னபோது அவர்கள் விதித்த நிபந்தனையைக் கேளுங்கள்: 30 டாலர் கட்டு, இல்லையேல் அவர்களுடைய பரிசுப் புள்ளிகளைச் செலவிடு, அதுவும் இல்லையேல் உன் கணினி அமைப்புகளை அவர்களுடைய ஒன்டிரைவ் கிடங்கிலே கொண்டுபோய் வை. ஓட்டை அவர்கள் கட்டிய சுவரில். அடைக்கக் கூலி நம்மிடம்! டிஃபெண்டரைச் சேர்த்துக் கொடுத்தது கட்டாயம் அல்ல என்றால், இதற்கு என்ன பெயர்?

ஐரோப்பாவிலே நுகர்வோர் அமைப்புகள் முழக்கமிட்டன. உடனே அந்தப் பொருளாதார வட்டாரத்து மக்களுக்கு மட்டும், காசும் வேண்டாம், கிடங்கும் வேண்டாம், கணக்கிலே நுழைந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். பாரிசிலே இருப்பவனுக்கு ஒரு நீதி, பாறைப்பட்டியிலே இருப்பவனுக்கு வேறொரு நீதியா?

அதட்டிக் கேட்டால் அடங்குவார்கள் என்பதற்கு அதுவே சான்று. நம் ஆணையத்துக்கும் அதட்டத் தெரியும். கைபேசிகளிலே தன் செயலிகளைத் திணித்ததற்காக 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையம்தான் இது. எவரும் முறையிடாவிட்டாலும் தானாகவே விசாரிக்க 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. விசாரிக்கட்டும்! இயங்குதளத்தின் பிழை திருத்தங்களை இன்னொரு பண்டத்தோடு முடிச்சுப்போட்டது முறைதானா என்று கேட்கட்டும். ஐரோப்பியருக்குத் தந்ததை இந்தியருக்கு மறுத்த காரணத்தையும் எழுத்திலே வாங்கட்டும்.