ஓடாத படமும் பத்து மாத அரசும்

கிருஷ்ணா பிக்சர்ஸ் அதிபர் லேனா செட்டியார் 1956ஆம் ஆண்டில், ஊர்ப்புறத்துப் பூசாரிகளும் உடுக்கைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த ஒரு நாட்டுக் கதையை எடுத்து, எம்.ஜி.ஆரை நாயகனாகவும் பானுமதியையும் பத்மினியையும் நாயகிகளாகவும் அமைத்து, ஜி. ராமநாதனின் சங்கீதத்தோடும் கண்ணதாசனின் வசனத்தோடும் ‘மதுரை வீரன்’ என்ற பெயரில் வெளியிட்டபோது, அது பல ஊர்களில் நூறு நாட்களைத் தாண்டி ஓடி, தமிழ்ப்பட வியாபாரத்தில் நெடுநாள் பேசப்பட்ட வெற்றியாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1960இல், அதே கம்பெனி, அதே நாயகன், அதே நாயகிகள், அதே சங்கீத டைரக்டர், அதைப் போலவே சந்தைகளில் மலிவுப் புத்தகமாக விற்றுவந்த இன்னொரு கதைப்பாடல் என்று, வெற்றிக்குரிய சாமான்கள் யாவற்றையும் ஒரு குறைவுமின்றிச் சேகரித்துக்கொண்டு, டி.ஆர். ரகுநாத்தின் டைரக்ஷனில், எஸ்.எஸ். ராஜேந்திரனையும் கூட்டிக்கொண்டு ‘ராஜா தேசிங்கு’ வந்தது. படம் ஓடவில்லை.

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கு இது அந்த வருஷத்துத் தோல்விகளில் ஒன்று. செஞ்சிக்கு அப்படியல்ல. தன் ஊர்ப் பிள்ளையின் பெயரைச் சூட்டிக்கொண்டு, தன் காலத்தில் ஒப்புயர்வற்ற நட்சத்திரத்தை அந்தப் பிள்ளையாக நிற்கவைத்து, சென்னையிலிருந்து வந்த ஒரு படம் ஜனங்களால் புறக்கணிக்கப்பட்டது என்பதை இந்தப் பகுதியின் பழைய ரசிகர்கள் ஒரு குடும்பத் துக்கத்தைப்போலவே வைத்துக் காத்துவருகிறார்கள். வேறு எந்த எம்.ஜி.ஆர். படத்தைப் பற்றிப் பேசினாலும் அது எத்தனை நாள் ஓடியது, எந்தக் கொட்டகையில் எத்தனை முறை பார்த்தோம் என்ற கணக்கில் பேச்சு போகும். இந்தப் படம் வந்தால் மட்டும் அது ஏன் ஓடவில்லை என்ற விசாரணையாக மாறிவிடும். ஆளுக்கொரு காரணம் உண்டு. ஒருவர் காரணத்தை மற்றொருவர் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமில்லை.

அவற்றுள் மிகப் பிரசித்தமானது, நாயகன் இறந்துபோகும் படத்தை, அதிலும் எம்.ஜி.ஆர். இறந்துபோகும் படத்தை, ஜனங்கள் சகிக்கமாட்டார்கள் என்பது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் காரணம் விசாரணையில் நிற்பதில்லை. மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுத்தான் இறந்தான். அதைப் பார்த்துக் கண்ணீர் சிந்திய அதே ஜனங்கள் அடுத்த காட்சிக்கும் டிக்கெட் வாங்கினார்கள். 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ புளியமரத்தில் தூக்கில் தொங்கினான். அதுவும் பெருவெற்றிதான், அதற்கும் சங்கீதம் ஜி. ராமநாதனே. நாயகனின் மரணம் தமிழ் ரசிகனுக்கு ஒருபோதும் ஆக்ஷேபமாக இருந்ததில்லை. நடுகல்லுக்குப் படையலிட்டுப் பழகிய சமூகம் இது.

இரண்டாவது காரணம், வாள்வீச்சுப் படங்களின் காலம் அப்போது சாயத் தொடங்கிவிட்டது என்பது. 1959இல் ஸ்ரீதரின் ‘கல்யாண பரிசு’ வந்து, வீட்டுத் திண்ணையும் கடிதமும் கண்ணீரும் போதும், கோட்டையும் கொத்தளமும் வேண்டியதில்லை என்று காட்டியிருந்தது, எம்.ஜி.ஆரே 1961இல் ‘திருடாதே’ மூலம் சட்டையும் பேண்ட்டும் அணிந்த நாயகனாகத் திசை திரும்பினார். 1959 ஜூனில் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகம் நடந்துகொண்டிருக்கையில் கால் முறிந்து, மாதக்கணக்கில் அவர் படப்பிடிப்புக்குப் போக முடியாமல் இருந்ததையும் இதனுடன் சேர்த்துச் சொல்வார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையில்லை. அதே 1960இல் சில வாரங்கள் தள்ளி வந்த ‘மன்னாதி மன்னன்’ என்பதும் மகுடமும் வாளும் கொண்ட ராஜா கதைதானே? அதை ரசிகர்கள் வேண்டாமென்று தள்ளிவிடவில்லையே?

எம்முடைய அபிப்பிராயம் வேறு. (இதைச் சொல்வதற்காக அபிமானிகள் எம்மீது கோபங்கொள்ளவேண்டாம்; எம் ஆசிரியர் குழுவில் இருவர் கழுத்துச் சங்கிலியில் இன்னமும் அவர் படம் தொங்குகிறது.) தேசிங்கு கதையை இந்தப் பக்கத்து ஜனங்கள் படத்திலிருந்து கற்கவில்லை. ‘பெரிய எழுத்து’ என்று அட்டையிலேயே போட்டு, கண் மங்கியவர்களும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் வாசிக்கும்படி அச்சிட்டுத் திருவிழாக் கடைகளில் விற்ற ‘தேசிங்குராஜன் கதை’யை, ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்டவர்கள் அவர்கள். அந்தக் கதையின் உயிர்நிலை தேசிங்கின் வீரத்தில்கூட இல்லை. ஒரு சிநேகத்தில் இருக்கிறது. மோவுத்துக்காரன் என்று கதைப்பாடல் அழைக்கும் மகபத்கான், வழுதாவூரில் தன் கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும் சமயத்தில் யுத்தச் செய்தி வருகிறது. கல்யாணத்தை அப்படியே விட்டுக் குதிரை ஏறிச் செஞ்சிக்கு வந்துசேர்கிறான். அவன் சண்டையில் மடிந்த பிறகே ராஜன் மடிகிறான். இந்த இடத்தில்தான் கேட்பவர்கள் அழுவார்கள். ராஜபுத்திரனான புந்தேலனும் முசல்மானும் ஒரே உயிராக இருந்தார்கள் என்பதை ஒரு பெரிய உபதேசமாகச் சொல்லாமல், அது இயல்புதான் என்பதுபோல் சொல்லிக்கொண்டு போவது அந்தக் கதையின் மேன்மை. படமோ, கதைப்பாடலில் இல்லாத ஓர் இரட்டை வேடத்தை எம்.ஜி.ஆருக்குக் கொடுத்தது. திரையில் ஒரே முகம் இரண்டாகத் தோன்றினால் ஆரவாரத்துக்குக் குறைவிராது என்று கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் பார்வையாளனின் நெஞ்சம் சிநேகிதனிடம் போகவேண்டிய கட்டத்தில் இன்னொரு எம்.ஜி.ஆர். குறுக்கே நிற்கிறார். கதையை அறியாதவனுக்கு இதில் நஷ்டமில்லை. அறிந்தவன் தான் மனத்தில் கொண்டுவந்த தேசிங்கைக் காணாமல் திரும்பினான்.

கொட்டகை இடைவேளையில் விற்கும் பாட்டுப் புத்தகத்தைக் கண்டவர்களுக்கு, மெலிந்த சாணித்தாளில் முதல் பக்கத்தில் நடிகர் பட்டியலும், அடுத்துக் கதைச் சுருக்கமும், அந்தச் சுருக்கம் முக்கியமான திருப்பத்தில் சட்டென்று நின்று ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிவதும் ஞாபகமிருக்கும். இந்தப் படத்தைப் பொறுத்தவரை அந்த வாசகம் நேர்மாறாகப் பலித்தது. வெள்ளித்திரையில் இருந்தது போய்விட்டது. நிலைத்தது பாட்டுப் புத்தகத்திலிருந்த மீதிதான். படத்தைப் பார்த்தேயிராதவர்கள் கூட அதன் பாட்டுக்களை அறிவார்கள். சீர்காழி கோவிந்தராஜனும் ஜிக்கியும் சேர்ந்து பாடிய ‘வனமேவும் ராஜகுமாரா’, இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் படத்தின் பெயரை விடவும் நெருக்கமானது. சிதம்பரம் ஜெயராமனின் கனத்த குரலும் பானுமதியின் சொந்தக் குரலும் கல்யாணி ராகத்தில் இழையும் ‘சரசராணி கல்யாணி’யைப் போன்ற ஒரு டூயட் அந்தக் காலத்திலேயே அபூர்வம். எல்லாவற்றிலும் விசேஷமானது எம்.எல். வசந்தகுமாரி பாடிய ‘பாற்கடல் அலைமேலே’. பத்து அவதாரங்களையும் ராகமாலிகையாகக் கோத்த அந்தப் பாட்டு, படம் பெட்டிக்குள் அடங்கிய பின்னரும் தான் அடங்க மறுத்து, வசந்தகுமாரியின் கச்சேரி மேடைக்கு ஏறி, அங்கிருந்து பரதநாட்டிய அரங்குக்குச் சென்று, இன்று சலங்கை கட்டும் சிறுமிகளில் பலர் அது ஒரு சினிமாவுக்காகப் பிறந்தது என்றே தெரியாமல் ஆடும் உருப்படியாகிவிட்டது. 1963இல் காலமான ஜி. ராமநாதன், இந்த உருப்படிக்கு இப்படியொரு சஞ்சாரம் வாய்க்கும் என்று எதிர்பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே.

தோற்ற படைப்பின் சங்கீதம் மட்டும் தப்பிப் பிழைப்பது நம் நாட்டுக்கே உரிய விந்தையன்று. நியூயார்க் நகரத்துப் பிராட்வே அரங்குகளில் 1964இல் ஸ்டீபன் சாண்ட்ஹைம் பாட்டும் இசையும் எழுதிய ‘எனிஒன் கேன் விசில்’ என்ற இசைநாடகம் ஒன்பதே காட்சிகளோடு திரை இறங்கிப்போயிற்று. திரை இறங்கிய மறுநாளே, கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியின் காடர்ட் லீபர்சன் நடிகர்களை ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைத்துப் பாட்டுக்களைப் பதிவு செய்துவைத்தார். மூடிய நாடகத்தின் தட்டை யார் வாங்குவார்கள் என்று அவர் யோசித்துத் தயங்கியிருந்தால், அந்த நாடகம் இன்று அதில் நடித்தவர்களின் ஞாபகமாக மட்டுமே இருந்திருக்கும். அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டே, நாடகத்தை ஒருநாளும் கண்ணால் கண்டிராத அபிமானிகள் உண்டானார்கள். வெற்றியடைந்த நாடகத்தின் ரசிகனுக்கு மேடையில் கண்டதே போதும். தோற்ற நாடகத்தின் ரசிகன் நாலைந்து பாட்டுக்களை வைத்துக்கொண்டு முழு நாடகத்தையும் தானே கட்டி எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் கட்டியது பெரும்பாலும் அசலைவிட நன்றாயிருக்கிறது. செஞ்சிப் பக்கத்து முதியவர்கள் விவரிக்கும் ‘ராஜா தேசிங்கு’வும் அப்படிப்பட்டதே. அதில் நீலவேணிக் குதிரை வெள்ளத்தைத் தாண்டும் காட்சி மிக நீளமானது. ஒவ்வொரு வாயிலும் அது இன்னும் சற்று நீள்கிறது.

குதிரையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், படத்தை விட்டு உண்மைத் தேசிங்கிடம் போவது தவிர்க்க முடியாததாகிறது. ஔரங்கசீப்பிடம் செஞ்சிக் கோட்டையின் காவலைப் பெற்ற ஸ்வரூப் சிங் இறந்தபின், 1714ஆம் ஆண்டு அவன் மகன் தேஜ் சிங் அதிகாரத்துக்கு வந்தான். தகப்பன் காலத்து வரிப்பாக்கி எழுபது லட்சம் என்று ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கணக்குக் காட்டினான். பிள்ளை கட்ட மறுத்தான். 1714 அக்டோபர் 3ஆம் தேதி, பெருக்கெடுத்தோடிய சங்கராபரணியைக் கடந்து, சில நூறு குதிரைவீரர்களோடு பெருஞ்சேனைக்கு எதிரே போய், கடலி கிராமத்தருகே ஒருநாள் யுத்தத்தில் மாண்டுபோனான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு. அவன் ஆண்டது ஏறக்குறையப் பத்து மாதம். சிங்கவரத்து ரங்கநாதர் ‘இன்று போகாதே’ என்று தடுத்தும் கேளாமல் போனான் என்றும், அந்த வருத்தத்தில்தான் சுவாமி இன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சயனித்திருக்கிறார் என்றும் இங்கே சொல்லுவார்கள்.

ராஜதந்திரக் கணக்கில் பார்த்தால் இது சொல்லிக்கொள்ளும்படியான அரசே அல்ல. பணத்தைக் கொஞ்சம் கட்டியிருக்கலாம், வெள்ளம் வடியும்வரை கோட்டைக்குள் இருந்திருக்கலாம். எட்டு ஆண்டு முற்றுகையை முன்பு தாங்கிய கோட்டை அது. ஆனந்தக் கோன் காலத்திலிருந்து கட்டியவர்களும், அதன் பெரும்பகுதியை எழுப்பிய நாயக்கர்களும், 1677இல் பிடித்துப் பலப்படுத்திய சிவாஜியும், எட்டு ஆண்டு உள்ளிருந்து காத்த ராஜாராமும், பிற்பாடு பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் என்று எத்தனையோ பேர் ராஜகிரி உச்சியில் கொடியேற்றியிருக்க, பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் யாரிடம் வழி கேட்டாலும் ‘தேசிங்குராஜன் கோட்டையா?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். 2025 ஜூலையில் மராட்டியரின் இராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாக, யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நியாயமான கௌரவம்தான், சரித்திர ஆராய்ச்சிக்கும் பொருத்தமானதே. ஆயினும் அறிவிப்பு வந்த அன்று ஊர்க் கடைத்தெருவில் பேசிக்கொண்டது, ‘நம்ம தேசிங்கு கோட்டைக்கு உலகப் பட்டம்’ என்றுதான்.

ஜெயித்த சாதத்துல்லா கான் கோட்டைக்குள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அவனைப் பற்றி ஒரு பாட்டும் இல்லை. ஆனால் அவனுக்கும் ஒரு நியாயம் செய்துவிட வேண்டும்: தேசிங்கின் சிதையில் உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக அவன் உண்டாக்கியதே ராணிப்பேட்டை என்று ஐதிகம் கூறுகிறது. செட்டிக்குளக் கரையில் அந்தச் சிதை எரிந்த இடத்தைக் காட்டுகிறார்கள். நீலாம்பூண்டியில் குதிரைக்கும் மகபத்கானுக்கும் அருகருகே சமாதிகள் இருக்கின்றன. சினிமாக்காரர்கள் தவறவிட்ட சிநேகத்தை அங்கே மண்ணும் செங்கல்லும் பிடித்துவைத்திருக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

இத்தனையும் எழுதுவதற்கு ஒரு காரியார்த்தமான நோக்கம் உண்டு. படத்தை முதல் வெளியீட்டில் பார்த்தவர்கள் இப்போது எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்களுக்குச் சற்று இளையவர்கள். வெற்றிப் படங்களைப் பற்றி நூறு புத்தகங்கள் வந்துவிட்டன. தோற்ற இந்தப் படத்தை எந்தக் கொட்டகையில், யாரோடு, எந்த நிலையில் பார்த்தார்கள், எந்த இடத்தில் ஏமாந்தார்கள் என்பதை எழுதிவைப்பார் இல்லை. அடுத்த இதழில் இதற்கென எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஞாபகம் உள்ளவர்கள் எழுதலாம். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவிக்கலாம். ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே அச்சிடுவோம். படத்தின் பாட்டுப் புத்தகம் எவரிடமேனும் பரண்மேல் இருந்தால், பிரதி எடுத்துக்கொண்டு அசலைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம். போகவர இரண்டு தபால் செலவும் எம்முடையது.