ஓட்டுபவர் பெரியவரா, வண்டி பெரிதா?

சென்ற பருவத்தில் ஒரு சனிக்கிழமை. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஊசல்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. அலைவுகளை எண்ண வேண்டிய மூன்று மாணவர்களோ, மறுநாள் நடக்கவிருந்த கிராண்ட் பிரீ கார்ப் பந்தயத்தைப் பற்றிக் கட்சி பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் வண்டியின் மகிமை. அதை எங்கள் தெருப் பால்காரரிடம் கொடுத்தால் அவரும் ஜெயிப்பார்" என்றான் ஒருவன். "அப்படியானால் அதே வண்டியை ஓட்டும் இன்னொருவர் ஏன் ஜெயிப்பதில்லை?" என்று மடக்கினான் அடுத்தவன். மூன்றாமவன், "எல்லாம் அதிர்ஷ்டம்டா" என்றான். என்னைக் கண்டதும் மூவரும் ஊசலை எண்ணத் தொடங்கினார்கள், நடுவிலிருந்து!

எனக்குக் கோபம் வரவில்லை. உலகெங்கும் பந்தய ரசிகர்கள் ஒவ்வொரு கிராண்ட் பிரீக்கு முன்பும் போடுகிற சண்டைதான் இது. சண்டை நல்ல சண்டை. போடுகிற முறைதான் சரியில்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைக்கிறது. ஆகவே ஓர் அணியின் கார் மற்றோர் அணியின் காரைப் போல் இராது. ஓர் அணிக்கு இரண்டு கார்கள், இரண்டு ஓட்டுநர்கள். இந்த 'இரண்டு' என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிக் காரில் இருவர் ஓடுகிறார்கள் என்றால், ஆய்வுக்கூடத்தில் நாம் ஒன்றை மாற்றாமல் வைத்து மற்றதை மாற்றிப் பார்க்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

இதைவிட அழகான சோதனை ஒன்று 2020 டிசம்பரில் பஹ்ரைன் நாட்டில் தற்செயலாக நடந்தது. அந்த ஆண்டு அதுவரை நடந்திருந்த 15 பந்தயங்களில் 11 பந்தயங்களை வென்று, ஏழாம் முறையாக உலகப் பட்டமும் பெற்றுவிட்டவர் மெர்ஸிடஸ் அணியின் லூயிஸ் ஹாமில்டன். அவருக்குக் கொரோனா தொற்று. சாகிர் கிராண்ட் பிரீயில் அவருடைய காரை ஓட்ட ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற 22 வயது இளைஞர் அவசரமாக அழைக்கப்பட்டார். ரஸ்ஸல் அதுவரை ஓட்டியது வில்லியம்ஸ் அணியின் கார். இரண்டு ஆண்டுகளாக ஓட்டியும் ஒரு புள்ளிகூடப் பெறவில்லை.

அந்த வாரம் ரசிகர்கள் தூங்கியிருக்கமாட்டார்கள்! ஹாமில்டனின் வெற்றிகள் அவருடையவையா, வண்டியினுடையவையா? இதோ, வண்டி அப்படியே இருக்கிறது. ஆள் மட்டும் மாறியிருக்கிறார். பக்கத்துக் காரில் வழக்கம்போல் வால்டேரி போட்டாஸ். மளிகைக் கடைத் தராசில் வைக்கிற படிக்கல் போல அவர் இருக்கிறார். ஹாமில்டனையும் அவரோடு நிறுத்தலாம். ரஸ்ஸலையும் அவரோடு நிறுத்தலாம்.

தகுதிச் சுற்றில் என்ன ஆயிற்று? போட்டாஸ் 53.377 வினாடி, ரஸ்ஸல் 53.403 வினாடி. வித்தியாசம் 0.026 வினாடி. இதை வெறும் எண்ணாக விட்டுவிடாதீர்கள். அந்தப் பாதையின் ஒரு சுற்று 3,543 மீட்டர். அதை 53.4 ஆல் வகுத்தால் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 66 மீட்டர். அதை 0.026 ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 1.7 மீட்டர் வரும். மூன்றரைக் கிலோமீட்டர் ஓடி, ஓர் ஆள் உயரத்துக்குத்தான் பின்தங்கினார்! அதுவும் பழக்கமில்லாத காரில், உயரமானவர் என்பதால் ஓட்டுநர் குழிக்குள் கால் கொள்ளாமல் ஓர் அளவு சிறிய காலணியை மாட்டிக்கொண்டு.

பந்தயம் தொடங்கியதும் போட்டாஸை முந்தி நெடுநேரம் முன்னணியில் ஓடினார். பிறகு டயர் மாற்றுகையில் அணியினர் குழம்பிப் போட்டாஸின் டயர்களை இவர் காரில் மாட்டிவிட்டார்கள். மறுபடி வந்து மாற்ற வேண்டியதாயிற்று. அப்படியும் வேகமாக முன்னேறி வருகையில் ஒரு டயரில் காற்று இறங்கியது. முடிவில் ரஸ்ஸல் ஒன்பதாவது, போட்டாஸ் எட்டாவது. வென்றவர், முதல் சுற்றிலேயே இடிபட்டுக் கடைசி இடத்துக்குப் போயிருந்த செர்ஜியோ பெரெஸ்!

முடிவுப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் என்ன சொல்வார்? மெர்ஸிடஸ் கார் சுமார், ரஸ்ஸல் சுமார் என்பார். இரண்டுமே பொய். பட்டியல் பொய் சொல்லவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டால் அது பதில் சொல்வதில்லை. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். 2005இல் இண்டியானாபொலிஸ் நகரில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஆனால் அன்று 20 கார்களில் 14 கார்கள், தங்கள் டயர்கள் தாங்குமா என்ற அச்சத்தால், தொடங்குமுன்பே விலகிவிட்டன. ஓடியவை ஆறுதான். அதே ஆண்டில் அவர் பின்தங்கிய வண்டியில் பாடுபட்ட மற்றப் பந்தயங்களுக்குப் புள்ளி ஏதும் இல்லை. உழைப்பு எதற்கு அதிகம், புள்ளி எதற்கு வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, சோதனையைத் திருப்பிப் போடுவோம். ஆள் மாறாமல் வண்டி மாறினால்? 2008இல் ஹோண்டா அணியில் ஜென்சன் பட்டன் ஆண்டு முழுவதும் ஓட்டிச் சேர்த்தது 3 புள்ளிகள். ஹோண்டா நிறுவனம் விலக, அந்த அணியே 2009இல் 'பிரான்' என்ற பெயரில், மெர்ஸிடஸ் எஞ்சினோடு வந்தது. அதே பட்டன், பக்கத்தில் அதே ரூபன்ஸ் பாரிக்கெல்லோ. முதல் ஏழு பந்தயங்களில் ஆறு பட்டனுக்கு! ஆண்டு முடிவில் 95 புள்ளிகளும் உலகப் பட்டமும். புள்ளி தரும் விதி இரண்டு ஆண்டும் ஒன்றே. ஓராண்டில் ஒரு மனிதன் முப்பது மடங்கு திறமைசாலி ஆக முடியுமா?

இங்கே சிறிது பௌதிகம் தேவைப்படுகிறது. வளைவில் திரும்பும் காருக்கு மையநோக்கு விசை வேண்டும். அதைக் கொடுப்பது டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு. டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு உராய்வு கிடைக்கும். அதற்காகக் காரின் எடையைக் கூட்டினால், திருப்ப வேண்டிய நிறையும் கூடிவிடும், பயனில்லை. நிறை கூடாமல் அழுத்தம் மட்டும் கூட வேண்டும். அதற்குத்தான் காற்றைப் பிடித்தார்கள். ஆகாய விமானத்தின் இறக்கையைத் தலைகீழாக வைத்தால் அது காரைத் தரையோடு அழுத்தும். காரின் அடித்தட்டுக்கும் தரைக்கும் இடையே காற்று விரைந்து ஓடினால் அங்கே அழுத்தம் குறையும். கார் கீழே உறிஞ்சப்படும். அந்தக் காற்று வெளியேறும் பின்புற வழியை இரண்டு அடுக்காக அமைத்து உறிஞ்சலைக் கூட்டினார்கள் பிரான் அணியினர். மற்ற அணிகள் முறையிட்டன. விதிக்கு உட்பட்டதே என்று தீர்ப்பாயிற்று. ஆனால் டொயோட்டா, வில்லியம்ஸ் அணிகளும் அதே உபாயத்தோடு வந்திருந்தன. அவை பட்டம் வெல்லவில்லை. ஆகவே அந்த ஒரு துண்டுதான் மந்திரக்கோல் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

காற்றின் இந்த அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்கு. மழையில் எல்லோரும் மெதுவாகத்தான் திரும்ப முடியும். அப்போது காற்றினால் நல்ல வண்டிக்குள்ள சலுகை சுருங்கிவிடுகிறது. "மழை வந்தால் ஓட்டுபவர் தெரிவார்" என்று ரசிகர்கள் சொல்வதில் இவ்வளவு நியாயம் இருக்கிறது. 2008இல் அந்த மட்டமான ஹோண்டாவிலேயே பாரிக்கெல்லோ சில்வர்ஸ்டோன் மழையில் மூன்றாவதாக வந்தார். ஆனால் அங்கும் கனமழைக்கான டயரைத் தக்க நேரத்தில் மாட்டிய அணியின் பங்கை மறக்கக்கூடாது.

'பங்கு' என்று எழுதிவிட்டேன். உண்மையில் அந்தச் சொல்லில்தான் வம்பு இருக்கிறது. வெற்றியில் ஓட்டுநரின் பங்கு எத்தனை சதவீதம் என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். ஒரு செவ்வகத்தின் பரப்பில் நீளத்தின் பங்கு எத்தனை, அகலத்தின் பங்கு எத்தனை என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கேள்வியே தவறு என்பீர்கள். இது கூட்டல் அல்ல, பெருக்கல். பால்காரரை மெர்ஸிடஸில் உட்கார வைத்தால் முதல் வளைவைத் தாண்டமாட்டார். ஹாமில்டனைப் பால் வண்டியில் உட்கார வைத்தாலும் அதே கதிதான். "நீளம் மாறாதிருக்க, அகலம் கூடினால் பரப்பு எவ்வளவு கூடும்?" என்ற கேள்விக்கோ விடை உண்டு. ரஸ்ஸலும் பட்டனும் நமக்குக் காட்டியது அந்த வகை விடையைத்தான்.

அதிலும் அளவுகோலை மறக்கக்கூடாது. 1988இல் மெக்லாரன் அணியின் அயர்டன் சென்னாவும் அலென் பிராஸ்டும் ஒரே மாதிரிக் காரில் ஓடி, 16 பந்தயங்களில் 15ஐத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். மொனாக்கோ தகுதிச் சுற்றில் சென்னா 1.427 வினாடி வேகம் அதிகம். தூரத்தில் ஐம்பது மீட்டருக்கு மேல். பந்தயத்திலோ வெகுதூரம் முன்னே ஓடிக்கொண்டிருந்த அவர் 67ஆம் சுற்றில் தடுப்பில் மோதினார், பிராஸ்ட் வென்றார். ஆண்டு மொத்தப் புள்ளிகள் பிராஸ்டுக்கு 105, சென்னாவுக்கு 94. பட்டம் யாருக்கு? சென்னாவுக்கு! சிறந்த 11 முடிவுகளை மட்டும் எண்ணுவது அன்றைய விதி. அதன்படி 90க்கு 87. யார் பெரியவர் என்ற கேள்விக்கு, எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை புரண்டுவிட்டது.

கார்ப் பந்தயத்துக்காகவா இவ்வளவு என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு வகுப்பில் ஒரு மாணவன். ஓர் எளிய மின்சுற்றை இணைக்கத் தெரியாமல் விழித்தான். மந்தம் என்று மனத்துக்குள் எழுதிவிட்டேன். அவன் படித்த பள்ளியில் ஆய்வுக்கூடத்தின் பூட்டு இரண்டாண்டும் திறக்கப்படவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதத்தில் மற்றவர்களோடு சமமாக வந்துவிட்டான். பட்டியலைப் பார்த்து ஆளை எடைபோடும் தவற்றைப் பந்தய ரசிகர் செய்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆசிரியர் செய்தால் ஒரு பையனின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அந்த மூவரிடம் திரும்புவோம். அவர்கள் கையில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தேன். "நாளைப் பந்தயத்தில் எது நடந்தால் உன் கட்சி தவறு என்று ஒப்புக்கொள்வாய்? அதை இன்றே எழுதிக் கையெழுத்துப் போடு. பந்தயம் முடிந்த பிறகு காரணம் கண்டுபிடிப்பது யாருக்கும் சுலபம்" என்றேன்.

வண்டிக் கட்சிக்காரன், ஓர் அணியின் இரண்டு கார்களும் ஐந்து இடத்துக்கு மேல் விலகி முடித்தால் ஒப்புக்கொள்வதாக எழுதினான். இயந்திரக் கோளாறு இல்லாமல் என்று ஒரு வரியும் சேர்த்தான், கெட்டிக்காரன். ஓட்டுநர் கட்சிக்காரன் நெடுநேரம் யோசித்து, இரண்டு முறை அடித்துத் திருத்தி எழுதினான். அதிர்ஷ்டக்காரன் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெறுமையாகவே என்னிடம் நீட்டினான்.

"என்னப்பா, எழுதவில்லையா?"

"எழுதிவிட்டால் திங்கட்கிழமை மாற்றிச் சொல்ல முடியாதே, சார்."