மேற்கு வெயிலும் கண்ணாடிச் சுவரும்

சென்னையைப் பார்த்து விழுப்புரம், திண்டிவனம் முதலிய ஊர்களிலும் காரியாலயக் கட்டடங்களுக்குக் கண்ணாடி முகப்பு வைக்கத் தலைப்பட்டுவிட்டனர். நாளை அனந்தபுரத்திற்கும் இம்மோகம் வந்து சேரும். மேற்கு நோக்கிய கண்ணாடி மாலை வெயிலை உள்ளே விடும். உள்ளேறிய உஷ்ணத்தை எளிதில் வெளியே விடாது. அதைத் தணிக்கக் குளிர்சாதன யந்திரம், யந்திரத்திற்கு மின்சாரம். கட்டுகிறவர் ஒருவர், மின்கட்டணம் செலுத்தும் வாடகைக்காரர் வேறொருவர்; கவலை யாருக்கு?

அண்மையிலுள்ள புதுச்சேரியில் அரவிந்த ஆசிரமத்தார் 1930-களில் கட்டத் தொடங்கிய கோல்கொண்ட் விடுதியைச் சென்று காண்க. அதன் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. சுவர் இருக்கவேண்டிய இடத்தில் திருப்பக்கூடிய பலகைகள் வெயிலை மறித்துக் காற்றை விடுகின்றன. அதை வகுத்த அந்தோனின் ரேமண்டு ஐரோப்பாவில் பிறந்தவர். அவர் அறிந்த நமது வெயிலை நாம் மறந்தது விந்தையே!

மத்திய சர்க்கார் 2017-இல் வெளியிட்ட எரிசக்திச் சிக்கனக் கட்டட விதிகள் 100 கிலோவாட் முதலான மின்பளுவுடைய பெருங்கட்டடங்களைக் கருதியே எழுந்தவை. சிற்றூர்க் காரியாலயம் அவ்வலையில் அகப்படாது. ஆகவே, வரைபடத்திற்கு அனுமதி அளிக்கும் பேரூராட்சியாரே, மேற்குச் சுவர் எதனால் ஆவது என்ற ஒரு கேள்வியைக் கேட்டல் வேண்டும்.